சமனான தவணை, சமனில்லாத காத்து: ஒரு சின்னக் காற்றாலையின்ர முதல் ரெண்டு வருசம்

இது வடமேற்குக் கரையில ஓடுற ஒரு சின்னக் காற்றாலையைப் பற்றினது, ஆனா நடந்ததில முக்கால்வாசி கொழும்பிலதான் நடந்தது, புறக்கோட்டையில ஒரு கடையின்ர மேல்மாடியிலயும், பம்பலப்பிட்டியில எங்கட ஒபிசிலயும், ஒரு பேங்கின்ர மீட்டிங் ரூமிலயும். சம்பந்தப்பட்ட ஆக்களோட கதைச்சுத்தான் எழுதுறன், அவை கேட்டபடி பேர், சரியான இடம், எந்த பேங்க், எத்தினை கோடி எண்டது ஒண்டும் போடேல்ல. காத்து மின்சாரத்தில காசு போட நினைக்கிற எங்கட ஆக்கள் இப்ப கனபேர் இருக்கினம், அவைக்கு இது உதவும் எண்டு நம்புறன்.

பின்னணி

முதல் போட்டவை மூண்டு பேர். மூத்தவர் புறக்கோட்டையில இரும்புச் சாமான் மொத்த வியாபாரம், எல்லாரும் அவரை முதலாளி எண்டுதான் கூப்பிடுறது, நானும் அப்பிடியே எழுதுறன். மற்றவர் அவரின்ர தங்கச்சியின்ர மனுசன், அதாவது முதலாளிக்கு மச்சான். மூண்டாவது ஆள் வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர், காசு அனுப்பினதோட சரி, ஒண்டிலயும் தலையிட்டதில்ல. கணக்கு வழக்கு முழுக்க கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு அக்கா கையில. சைட்டில பொறுப்பா ஒரு இஞ்சினியர் தம்பி, புத்தளத்துப் பெடியன்.

இலங்கையில காத்தில கரண்ட் எடுக்கிறது புதுசில்ல. 1999 இல மின்சார சபை அம்பாந்தோட்டையில 600 கிலோவாட் மெசின் அஞ்சைப் போட்டு 3 மெகாவாட்டோட பரிசோதனையாத் தொடங்கினது, 2010 இல கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில தனியார் காற்றாலை வந்தது, 2020 கடைசியில மன்னார்த் தீவின்ர தெற்குக் கரையில தம்பபவனி எண்ட காற்றாலை, அதில 3.45 மெகாவாட் மெசின் 30, மொத்தம் 103.5 மெகாவாட். அதுக்கெல்லாம் முதலே 2003 இல அமெரிக்காவின்ர தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் இலங்கைக்கு ஒரு காத்து வரைபடம் போட்டிருந்தது, அதில கற்பிட்டியில இருந்து மன்னார் வரைக்கும் கரை முழுக்க நல்ல நிறத்திலதான் இருக்கும். முதலாளியின்ர மேசைக் கண்ணாடிக்குக் கீழ அந்த வரைபடத்தின்ர ஒரு பிரிண்ட் இருந்தது. அந்த நிறம் காட்டுறது வருசச் சராசரி, இந்த ஒரு விசயம் பின்னால முழுக்க வரும்.

ஒப்பந்தம் 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சின்னத் திட்டங்களுக்குக் குடுக்கிற வழமையான ஒப்பந்தம்தான், 20 வருசம், ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு எண்டு விலை, பகலோ ராவோ ஆடியோ ஐப்பசியோ ஒரே விலை. விலை நிலையா இருக்கு, சாமான் இலவசமா வருது, பிறகு என்ன பயம் எண்டுதான் எல்லாரும் யோசிச்சவை, அது பிழையான யோசனையும் இல்ல.

பேங்கும் கவனமாத்தான் லோன் குடுத்தது, அதைச் சொல்லத்தான் வேணும். காத்து அளந்த ரிப்போர்ட்டில ரெண்டு இலக்கம் இருக்கும், பி50, பி90 எண்டு. பி50 எண்டா சராசரியா ரெண்டு வருசத்தில ஒரு வருசம் எட்டக்கூடிய உற்பத்தி, பி90 எண்டா பத்து வருசத்தில ஒன்பது வருசம் அதுக்கு மேல போகும் எண்டு எதிர்பாக்கிற உற்பத்தி. மொத்த நிச்சயமின்மை, அதாவது கணக்குத் தப்பக்கூடிய அளவு, 10 சதவீதம் எண்டு வைச்சா பி90 எண்டது பி50 இல கிட்டத்தட்ட 87 சதவீதம் வரும். பேங்க் எடுத்தது குறைஞ்ச இலக்கத்தை, பி90 ஐ. எடுத்துப்போட்டு அதைப் பன்னிரண்டால பிரிச்சு, அந்த மாச வருமானத்துக்குள்ள அடங்கிற மாதிரி சமனான மாசத் தவணை போட்டது. கெட்ட வருசத்துக்கு எதிரா இது நல்ல பாதுகாப்பு. கெட்ட மாசத்துக்கு எதிரா ஒரு பாதுகாப்பும் இல்ல, அந்தப் பன்னிரண்டாலப் பிரிச்ச இடத்திலதான் இந்தக் கதை முழுக்கக் கிடக்கு.

முதல் சோளகம்

மெசின் ஓடத் தொடங்கினது சித்திரை கடைசியில. முதல் கொஞ்ச நாள் ஒண்டும் பெரிசா வரேல்ல, புது மெசின்தானே, செட்டாக வேணும் எண்டு எல்லாரும் பொறுமையா இருந்தவை. பிறகு வைகாசியில சோளகம் பிடிச்சுது, தென்மேற்குப் பருவக்காத்து, அது பிடிச்சா அந்தக் கரையில செப்டெம்பர் வரைக்கும் ராப்பகலா இழுக்கும், கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடல்ல சறுக்க வாறதும் அந்த மாசங்களிலதான். ஆனி ஆடியில வந்த பில்லைப் பாத்து முதலாளி ஒபிஸ் முழுக்க லட்டு குடுத்தவர் எண்டு அக்கா சொன்னா.

அந்தக் காசில தவணை கட்டி மிஞ்சினதை மூண்டு பேரும் பிரிச்சு எடுத்திட்டினம். மச்சான் தெஹிவளையில ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தவர். லோன் ஒப்பந்தத்தில அதுக்குத் தடை ஒண்டும் இல்ல, தவணை தப்பாமக் கட்டினா மிச்சம் அவையின்ரதான்.

ஒக்டோபர்

செப்டெம்பர் கடைசிக் கிழமையில காத்து விழத் தொடங்கினது. ஒக்டோபர் பில் ஆடி பில்லில நாலில ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நவம்பர் அதை விட மோசம். முதலாளிக்கு முதல் வந்த சந்தேகம் மெசினில. பிறகு சைட் தம்பியில. காலமை ஆறு மணிக்கே போன் எடுத்து எத்தினை மெசின் சுத்துது எண்டு கேக்கத் தொடங்கினார், போனில காத்து காட்டுற ஒரு ஆப் போட்டு வைச்சிருந்தார், அதில வினாடிக்கு அஞ்சு மீற்றர் காட்டுது எண்டா பிறகேன் ஓடேல்ல எண்டு கேப்பார். ஒருநாள் பின்னேரம் காலிமுகத்திடலில நிண்டு போன் எடுத்தவராம், இங்க சட்டை பறக்குது, அங்க மட்டும் எப்பிடித் தம்பி காத்தில்லாமப் போகும் எண்டு. பின்னேரக் கடல்காத்து அப்பிடித்தான், வெயிலில நிலம் சூடேறினா ஒரு சில மணித்தியாலம் நல்லா வீசும், பொழுதுபட அடங்கிப்போகும், அதை வைச்சு ஒரு மாசத்துக் கரண்டைக் கணக்குப் பாக்க ஏலாது. ஆனா அதைச் சொல்ல அந்தத் தம்பிக்கு இடம் கிடைக்கேல்ல.

பராமரிப்புச் செய்யுற கம்பனியை மாத்துறது, தம்பியை நிப்பாட்டுறது எண்டு ரெண்டு கடிதம் டைப் பண்ணி வைச்சாச்சு. டிசெம்பர் தவணைக்குக் காசு காணாது எண்டு தெரிஞ்சபடியாலயும், அந்தக் கடிதங்களை அனுப்ப முதல் வெளியில ஒரு ஆளைக் கேக்கலாம் எண்டும், அக்காதான் எங்களைக் கூப்பிட்டவ. எங்கட ஒபிஸில நாங்கள் செய்யுறது காத்து, சூரிய மின்சாரத் திட்டங்களின்ர உற்பத்திக் கணக்குப் பாக்கிற வேலை.

டேட்டாவில என்ன இருந்தது

மெசின் ஒவ்வொண்டும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா காத்து வேகம், திசை, உற்பத்தி, கோளாறு எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். அந்தப் பதிவை முழுக்க எடுத்து நாங்கள் கேட்ட முதல் கேள்வி ஒண்டுதான், குறைஞ்ச ஒவ்வொரு யூனிட்டும் ஏன் குறைஞ்சது, காத்து இல்லாமலா, மெசின் நிண்டதாலயா, கரண்டைக் கொண்டுபோற லைன் இல்லாமலா. இந்த மூண்டையும் பிரிக்காமக் கதைக்கிற கதை எல்லாம் சண்டையிலதான் போய் முடியும்.

பிரிச்சுப் பாத்தா, லைன் போன நேரம் கொஞ்சம் இருந்தது, அது ஒக்டோபர் நவம்பர் பின்னேர இடிமுழக்கக் காலம், எதிர்பாக்கிறதுதான். மெசின் கோளாறில நிண்ட நேரம் ஆடியை விடக் குறைவு. ஆடியில ரெண்டு மெசின் நாள் கணக்கில நிண்டிருக்கு, ஆனா மற்றதுகள் கொட்டினபடியா ஒருத்தரும் கவனிக்கேல்ல. மிச்சம் எல்லாம் காத்து. அதாவது கடிதம் டைப் பண்ணின மாசத்திலதான் அந்தத் தம்பி மெசினை ஆகத் திறமா வைச்சிருந்திருக்கிறான். இதை முதலாளிக்குக் காட்டேக்க அவர் கன நேரம் கதைக்கேல்ல, பிறகு அந்த ரெண்டு கடிதத்தையும் அக்காட்டச் சொல்லிக் கிழிப்பிச்சார். தம்பி இப்பவும் அங்கதான்.

ஆனா காத்து பாதியாக் குறைஞ்சா கரண்டும் பாதிதானே குறைய வேணும், ஏன் இவ்வளவு விழுது எண்டு மச்சான் கேட்டது நியாயமான கேள்வி. காத்தில இருக்கிற சக்தி வேகத்தின்ர மும்மடியோட போறது. வேகம் பாதியானா சக்தி எட்டில ஒண்டு. 12 மீற்றர் வேகத்தில முழுக் கொள்ளளவு குடுக்கிற மெசின் 6 மீற்றரில கிட்டத்தட்ட எட்டில ஒரு பங்குதான் குடுக்கும், 3 மீற்றருக்குக் கீழ ஒண்டுமே இல்ல. மற்றப் பக்கத்தில 12 க்கு மேல எவ்வளவு இழுத்தாலும் மெசின் தன்ர கொள்ளளவுக்கு மேல குடுக்காது, இறக்கையைத் திருப்பி மிச்சக் காத்தை விட்டிடும், 25 மீற்றர் அளவில பாதுகாப்புக்கு நிண்டிடும், எங்கட கரையில அந்தளவுக்குப் போறது அருமை.

இதில இருந்து இன்னொரு விசயம் வரும், சைட்டில நிக்கிற ஆக்களுக்குத் தெரியும், காகிதத்தில பாக்கிறவைக்குத் தெரியாது. சோளகத்தில காத்து முறுக்கி முறுக்கி அடிச்சாலும் மெசின் உச்சத்தில இருக்கிறபடியா உற்பத்திக் கோடு தட்டையாப் போகும். ஒக்டோபரில காத்து மெதுவா, சாதுவா இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா அந்த 5, 6, 7 மீற்றர் எண்டது மும்மடியின்ர சரிவில இருக்கிற இடம், ஒரு மீற்றர் கூடிக் குறைய உற்பத்தி பாதிக்குப் பாதி ஆடும். அதால குறைஞ்ச மாசங்களில கரண்ட் குறைவா வாறது மட்டுமில்ல, வாற கொஞ்சமும் மணிக்கு மணி தாறுமாறா வரும். பத்து நிமிசக் கோட்டைப் பெரிசாப் பிரிண்ட் எடுத்து ஆடியையும் ஒக்டோபரையும் பக்கத்தில பக்கத்தில சுவரில ஒட்டினம், அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படேல்ல.

போன் ஆப் விசயமும் தீத்தது. ஆப் காட்டுறது நிலத்தில இருந்து 10 மீற்றர் உயரத்துக் காத்து, மெசினின்ர தலை இருக்கிறது 80 மீற்றர் மட்டில. வழமையான கணக்குப்படி 10 மீற்றரில 5 எண்டா 80 இல 6.7 போல வரும், சக்தியில அது ரெண்டரை மடங்குக்குக் கிட்ட. அதோட அந்த ஆப் ஒரு பெரிய கட்டத்துக்குச் சராசரியாப் போடுற எதிர்வுகூறல், அங்க அளந்த காத்தில்ல. வெப்பமும் இருக்கு, எந்த வேகத்துக்கு எவ்வளவு கரண்ட் எண்டு மெசின் விக்கிறவை தாற வளைகோடு 15 பாகை காத்தடர்த்திக்குப் போட்டது, எங்கட 30 பாகையில காத்து ஏறக்குறைய 5 சதவீதம் ஐதா இருக்கும், மெசின் உச்சத்துக்குக் கீழ ஓடேக்க அந்தளவு உற்பத்தியும் குறையும். இது ரிப்போர்ட்டில ஏற்கனவே சரியாக் கழிச்சிருந்தது.

மாச வித்தியாசத்தை விளங்கப்படுத்த ஒரு கணக்குப் போட்டுக் காட்டினம், இது அவையின்ர உண்மைக் கணக்கில்ல, உதாரணம்தான். 1 மெகாவாட் மெசின், வருசம் முழுக்கச் சராசரியா கொள்ளளவில 35 சதவீதம் ஓடுது எண்டு வைப்பம். மாசச் சராசரி 255 மெகாவாட் மணி, ஒரு மெகாவாட் மணி எண்டா ஆயிரம் யூனிட். அதே மெசின் ஆடியில 55 சதவீதம் ஓடினா 409, ஒக்டோபரில 15 சதவீதம் ஓடினா 112. தவணை 200 மெகாவாட் மணிக்குச் சமனான காசு எண்டா சராசரியில பயமே இல்ல, ஒக்டோபரில கிட்டத்தட்ட பாதிக் காசு கைக்குள்ள இல்ல. வருச மொத்தம் சரியாத்தான் இருக்கும். இவையின்ர வருச மொத்தமும் ரிப்போர்ட் சொன்னதுக்குக் கிட்டவே வந்தது, காத்து ஒருத்தரையும் ஏமாத்தேல்ல.

எடுத்த முடிவுகளும் ஏன் எண்டதும்

முதலாளிக்கு முதல் இருந்த யோசனை பட்டறி போடுறது. அதை வேண்டாம் எண்டு சொன்னம், காரணம் பட்டறி மணித்தியாலக் கணக்குக்கு உதவும், ஆடியில வந்ததை ஐப்பசிக்கு வைச்சிருக்க அது சரிவராது, அதோட ஒரே விலை ஒப்பந்தத்தில பகல் கரண்டைப் பின்னேரத்துக்குத் தள்ளினா ஒரு சதமும் கூட வராது. நாட்டுக்கு அது வேற கணக்கு, இங்க ஆகக் கூடின பாவனை பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும், அந்த நேரத்துக்கு வேற விலை எண்டு ஒப்பந்தம் வந்தா பட்டறியை அப்ப யோசிக்கலாம்.

இன்னொரு மெசினை வேற இடத்தில போட்டுச் சமப்படுத்தலாமோ எண்டு மச்சான் கேட்டார். ஒரு பண்ணைக்குள்ள மெசின் கூடக் கூட நிமிசத்துக்கு நிமிசம் ஆடுறது குறையும், இடம் நூறு கிலோமீற்றர் தள்ளினா மணிக்கு மணி ஆடுறதும் குறையும். ஆனா கற்பிட்டி, மன்னார், பூநகரி, பளை எல்லாம் ஒரே பருவக்காத்துக்குக் கீழ இருக்கிற இடங்கள், சோளகம் விழுந்தா எல்லா இடமும் ஒண்டாத்தான் விழும். பருவத்தை இடம் மாத்தி வெல்ல இந்தத் தீவு காணாது.

அதால வந்த முடிவு காத்தை விட்டிட்டுக் காசைக் காத்துக்கு ஏத்த மாதிரி மாத்துறது. தவணையை உற்பத்தியோட ஏறி இறங்க வைக்கிறது ஒண்டு. சோளகத்தில மிஞ்சுற காசை, பங்கு பிரிக்க முதல், ஒரு தனிக் கணக்கில போட்டு அதைத் தவணைக்கும் பராமரிப்புக்கும் தவிர தொடாம வைக்கிறது ரெண்டாவது. பெரிய பராமரிப்பு வேலைகளைக் காத்தில்லாத மாசங்களுக்குத் தள்ளுறது மூண்டாவது, முதல் வருசம் கிரேன் கிடைச்ச நேரத்தில ஆடியில ஒரு மெசினை நிப்பாட்டி வேலை செய்தவை, அந்த நாளுகள் அந்த வருசத்தின்ர ஆக விலை கூடின நாளுகள். மூண்டாவது சொல்ல லேசு, செய்யக் கஷ்டம். ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவில வாற இடைப்பருவ மாசங்களில காத்து குறைவெண்டாலும் மத்தியானத்துக்குப் பிறகு மின்னல், வானம் கறுத்தா ஒருத்தரையும் கோபுரத்தில விடக்கூடாது, அதால காலமை வெள்ளண ஏறி மதியத்துக்கு முதல் இறங்கிற மாதிரி வேலையைத் துண்டு துண்டா வெட்டிப் பிளான் பண்ண வேணும். அந்தப் பிளானை சைட் தம்பிதான் போட்டவன், அதில ஒரு திருத்தமும் நாங்கள் செய்யேல்ல.

கடைசியா, முதலாளியின்ர சுவரில இருந்த மாசச் சராசரிக் கோட்டை எடுத்திட்டு, மாசத்துக்கு மாசம் வேற வேற உயரத்தில ஒரு பட்டை போட்டுக் குடுத்தம், நல்ல ஒக்டோபர் எண்டா இவ்வளவு, மோசமான ஒக்டோபர் எண்டா இவ்வளவு எண்டு. பழைய காலநிலைத் தரவுகளை வைச்சு, கோபுரத்தில அளந்த காத்தோட பொருத்தி, கன வருசத்துக்குப் பின்னுக்குப் போய்ப் பாத்துப் போட்ட பட்டை அது. காலமை ஆறு மணிப் போன் நிண்டது அதாலதான்.

பேங்கோட கதைச்சது

பேங்கில இருந்த மிஸ் நல்லா விளங்கிறவ, ஆனா அவவின்ர பதில் நேர, மாசா மாசம் சமனாக் கட்டுறதுக்குத்தான் எங்கட சிஸ்டம் இருக்கு, உங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்த வேணும். நாங்கள் கிராப் எல்லாம் கொண்டுபோய்க் காட்டினம், தலையாட்டினா, ஆனா அசையேல்ல. கதை திரும்பினது கொட்டாஞ்சேனை அக்காவாலதான். மிஸ், நீங்கள் வெள்ளாமைக்குக் கடன் குடுக்கேக்க அறுவடை முடிஞ்ச பிறகுதானே வாங்கிறியள், நாத்து நடுற மாசம் போய் நெல்லுக் காசு கேக்கிறேல்லையே, எங்களுக்கும் அறுவடை மாசம் இருக்கு, எப்ப எண்டு இந்தத் தாளில எழுதிக் கிடக்கு, அதைத்தான் கேக்கிறம் எண்டா. மிஸ் சிரிச்சிட்டு, அந்தத் தாளைத் தாங்கோ எண்டு வாங்கினவ.

பிறகு ரெண்டு மாசத்துக்கு மேல இழுபட்டது. பேங்க் கேட்ட நிபந்தனைகள் நியாயமானவை. தனிக் கணக்கு பேங்கிலயே இருக்க வேணும், அதில குறிச்ச தொகை நிரம்பும் வரைக்கும் பங்கு எடுக்கக்கூடாது, மாச உற்பத்தி விபரம் பேங்குக்குப் போக வேணும். பதிலுக்கு பேங்க் தந்தது, காத்து மாசங்களுக்குக் கூடின தவணை, மற்ற மாசங்களில வட்டி மட்டும், மார்கழி தொடக்கம் மாசி வரைக்கும் வாடைக்காத்து கொஞ்சம் இருக்கிறபடியா அந்த மூண்டு மாசத்துக்கு நடுத்தரத் தவணை. இதில ஒரு சின்ன விசயம் கடைசி மீட்டிங்கிலதான் பிடிபட்டது. காத்து வாற மாசமும் காசு வாற மாசமும் ஒண்டில்ல, மாசம் முடிய பில் போட்டு அது பணமாக் கையில வர இன்னும் நாள் எடுக்கும், அதால பெரிய தவணைகளை வைகாசியில தொடங்காம ஆடியில தொடங்கி ஒக்டோபர் வரைக்கும் கொண்டுபோக வேணும். அந்த இடைவெளியைப் பாக்காமக் கையெழுத்து வைச்சிருந்தா பழைய பிரச்சினை வேற மாசத்தில திரும்ப வந்திருக்கும்.

பிந்தின டிசெம்பர் தவணைக்கான தண்டவட்டியை பேங்க் விடேல்ல. கட்டினவை.

பங்குனி, சித்திரை

புது ஒழுங்கு வந்து முதல் சோதனை இந்த ரெண்டு மாசமும். காத்து எதிர்பாத்த பட்டையின்ர அடியிலதான் நிண்டது, மச்சான் திரும்பக் கவலைப்படத் தொடங்கினார், ஆனா கட்ட வேண்டினது வட்டி மட்டும் எண்டபடியா தப்பினம்.

இந்த நேரத்தில முதலாளி கேட்ட கேள்வி ஒண்டு எனக்கு முக்கியமாப் பட்டது. எங்கட கரண்ட் இல்லாத இந்த மாசத்தில நாடு என்ன செய்யுது எண்டு கேட்டவர். வருசத்தில காத்து விழுற காலம் ரெண்டு, ஆனா நாட்டுக்கு ரெண்டும் ஒண்டில்ல. ஒக்டோபர் நவம்பரில காத்து விழேக்க இடைப்பருவ மழை தீவு முழுக்கக் கொட்டும், நீர்த்தேக்கங்கள் ஏறும், தண்ணியில கரண்ட் எடுக்கலாம். பங்குனி சித்திரையில காத்தும் இல்ல, மாசியில இருந்து வறண்டு நீர்த்தேக்கமும் இறங்கிக் கிடக்கும், வெக்கையில மின்விசிறியும் ஏசியும் ஓடும், அந்த இடைவெளியை நிரப்புறது நிலக்கரியும் எண்ணெயும்தான். மற்றப் பக்கம் சோளகத்தில காத்து கரண்ட் கொட்டேக்க அந்தளவுக்குத் தண்ணியைத் தேக்கத்தில மிச்சம் பிடிக்கலாம், அப்பிடிப் பாத்தா மலைநாட்டு நீர்த்தேக்கங்கள்தான் இந்த நாட்டில காத்துக்கு ஏற்கனவே இருக்கிற பட்டறி. காத்தையும் தண்ணியையும் ஒண்டாத் திட்டமிடுறதைப் பற்றி எங்கட ஆக்கள் இன்னும் கூடக் கதைக்க வேணும், ஆளுக்காள் தன்ர மெகாவாட்டை மட்டும் பாத்தா இது பிடிபடாது.

அதோட சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில கடை, பக்டரி எல்லாம் பூட்டிப் பாவனை விழும். 2025 இல அந்த நாளுகளில கூரை சோலார் வைச்சிருக்கிற ஆக்களைப் பகலில நிப்பாட்டி வைக்கச் சொல்லிக் கேட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காத்துக்கு அந்தக் கிழமையில பெரிய பாதிப்பு வாறேல்ல, ஏனெண்டா அப்ப காத்தே குறைவு. வைகாசியில வெசாக் லீவு நாளுகளில சோளகம் வெள்ளண பிடிச்சா அந்தப் பிரச்சினை காத்துக்கும் வரலாம், அதுக்கு எண்டு வருசக் கணக்கில ஒரு சின்னக் கழிவு போட்டு வைச்சம்.

ரெண்டாவது சோளகம்

ரெண்டாவது வருசம் சோளகம் வந்தது, ஆனா முதல் வருசம் மாதிரி ஒரே இழுவையா வரேல்ல. ஆடி நடுவில ஒரு கிழமைக்கு மேல காத்து விழுந்து கிடந்தது. பருவக்காத்துக்கு நடுவில இப்பிடி ஓய்வு வாறது வழமை, முதல் வருசம் அவைக்கு அது படேல்ல, அவ்வளவுதான். அந்தக் கிழமை முதலாளியின்ர போன் எனக்கு வந்தது, தம்பிக்குப் போகேல்ல. பட்டையைப் பாருங்கோ ஐயா, மாசம் முடியட்டும் எண்டன். மாச முடிவில உற்பத்தி பட்டைக்குள்ள, ஆனா கீழ்ப் பாதியில நிண்டது.

அதால தனிக் கணக்கு குறிச்ச தொகைக்கு நிரம்பேல்ல. பங்கு எடுக்கேலாது எண்டதை மச்சான் ஏற்கேல்ல, போன வருசம் இந்த நேரம் எடுத்தமே எண்டு கேட்டார், வீட்டுக்குள்ள அது கொஞ்சம் கசப்பா முடிஞ்சுது. ஐப்பசிக்கு முதல் அவர் தன்ர பங்கை வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு வித்திட்டு விலகிட்டார். அவரைக் குறை சொல்ல நான் வரேல்ல, மாசா மாசம் காசு தேவைப்படுற ஆளுக்கு இந்தத் தொழில் பொருந்தாது, அதை அவருக்கு முதலே ஒருத்தரும் மாசக் கணக்கில காட்டேல்ல.

ஒக்டோபர், நவம்பர் தவணைகள் பிந்தாமப் போனது. நவம்பரில தனிக் கணக்கில இருந்து கொஞ்சம் எடுத்தவை. ரெண்டு மெசினின்ர பெரிய வேலை அந்த மாசங்களிலயே காலமை காலமையா முடிஞ்சுது, ஒரு நல்ல காத்து நாளும் அதில வீணாப் போகேல்ல.

திரும்பச் செய்தா என்ன மாறும்

காத்து ரிப்போர்ட்டில வருசத்துக்கு ஒரு பி90 வாங்கிறதோட நிக்கக்கூடாது, பன்னிரண்டு மாசத்துக்கும் பன்னிரண்டு வேணும். பன்னிரண்டு மாச பி90 ஐயும் கூட்டினா வருச பி90 வராது, அதை விடக் குறைவா வரும், எல்லா மாசமும் ஒரே வருசத்தில மோசமா அமையிறது அரிது எண்டபடியா. அது பிழை இல்ல, மாசத் தவணைக்கு மாச இலக்கம், மொத்த லோனுக்கு வருச இலக்கம், ரெண்டும் ரெண்டு வேலைக்கு.

அளக்கிற கம்பம் ரெண்டு இடைப்பருவத்தையும் கட்டாயம் காண வேணும். வைகாசியில நட்டு ஒக்டோபரில பிடுங்கின அளவை வைச்சு வருசக் கணக்குப் போட்டுத் தாற ஆக்களும் இருக்கினம், அதை ஏற்கக்கூடாது, எவ்வளவு அவசரம் எண்டாலும்.

முதல் தவணை கட்ட முன்னம் சோளகத்துக் காசு கைக்கு வரத் தொடங்கியிருக்க வேணும். கட்டுமானம் பிந்தி செப்டெம்பரில முடிஞ்சா முதல் தவணையும் அடுத்த ஆடிக்குத் தள்ளுப்பட வேணும் எண்டு ஒப்பந்தத்திலயே எழுதலாம். இவைக்கு அதிர்ஷ்டத்துக்குச் சித்திரையில ஓடத் தொடங்கினது, இல்லாட்டி முதல் மூண்டு தவணையிலயே விழுந்திருப்பினம்.

குறைஞ்ச மாசத்தில குறைஞ்ச உற்பத்தி வந்தா ஆளைப் பிடிக்க முதல், காத்து, மெசின், லைன் எண்டு மூண்டாப் பிரிச்ச ஒரு பக்கத் தாள் மாசா மாசம் முதலாளிமாரின்ர மேசைக்குப் போக வேணும். அதை சைட்டில இருக்கிற ஆளே செய்யலாம், எக்செல் தெரிஞ்சாப் போதும்.

அதே பேங்க் மிஸ் இப்ப புதுக் காற்றாலை லோன் கேட்டு வாற ஆக்களிட்ட முதல் கேக்கிறது ஒரு அட்டவணை, குறுக்கால பன்னிரண்டு மாசம், நெடுக்கால இருபத்திநாலு மணித்தியாலம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் எதிர்பாக்கிற உற்பத்தி. அது இல்லாம வந்தா பைல் திறக்கிறதில்லையாம். அக்காட்டத்தான் முதல் மாதிரித் தாளை வாங்கினவ.